சூடு ஆறுவதற்குள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் பேசினான். அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறானாம். "டீச்சர், பார்லிச் சாற்றைக் கொதிக்க வைத்து இறக்கியதும் சீக்கிரம் ஆற்றிவிட வேண்டும் என்கிறார்கள். தானாக ஆறினால் என்ன?" என்று கேட்டான். நம் ஊரில் இதைச் செய்தால் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் பாயும் என்று முதலில் சொல்லிவிட்டேன்! ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

கொதியில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும். ஆபத்து அதற்குப் பிறகுதான். ஈஸ்டைச் சூட்டில் போட்டால் அதுவும் செத்துவிடும். அதனால் சாறு 20 டிகிரி அளவுக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். 60 டிகிரியிலிருந்து அதுவரை இனிப்புச் சாறு காவல் இல்லாத வீடுதான். யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

அந்தக் காலத்தில் அகலமான, ஆழமில்லாத தொட்டிகளில் ஊற்றி இரவுக் குளிரில் ஆற்றினார்கள். கோடையில் பீர் கெட்டுப்போனதால் ஜெர்மனியின் பவேரியாவில் 1553-ல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சவே தடை போட்டார்கள்.

வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தபோது நம் வெயிலில் அது முடியவில்லை. மலையேறினார்கள். இமயத்தில் கசௌலி, முர்ரீ, இலங்கையில் நுவரெலியா. முர்ரீ ஆலையை நடத்திய எட்வர்ட் டயரின் மகன்தான் ஜாலியன்வாலாபாக் டயர். வகுப்பில் இதை நான் சொன்னதில்லை.

சமவெளிக்குக் குளிர்ச்சி கப்பலில் வந்தது. 1833-ல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஐஸ் கட்டி இறங்கியது. சென்னையில் அதைச் சேமித்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். 1870-களில் லிண்டே என்பவர் குளிரூட்டும் இயந்திரம் செய்தார். அதற்கு முதலில் ஆதரவு தந்தவர்களில் மியூனிக் பீர் ஆலைக்காரர்களும் உண்டு. குளிர்நீர் ஓடும் குழாய்களின் மேல் சூடான சாற்றை வழியவிடும் முறையும் பீர் ஆலைகளில் வளர்ந்து, பிறகு பால் பண்ணைகளுக்கும் வந்தது.

பால் என்றதும் அம்மா ஞாபகம். எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்த வருடம். வைகாசி மாதம். ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்துக்கு 20 லிட்டர் பாலுக்கு அம்மா அச்சாரம் வாங்கியிருந்தாள். அந்தப் பணம் என் பயிற்சிக்கு. சாயங்காலமே பாலைக் காய்ச்சி, பூச்சி விழாமல் அண்டாவை மூடி, துணி கட்டி வைத்தாள். விடியற்காலையில் திறந்தால் பால் திரிந்து கிடந்தது. அச்சாரம் திரும்பிப் போனது. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது.

"கண்ணு பட்டிருச்சு" என்றாள் அம்மா. நானோ, "பாத்திரத்தை ஒழுங்கா கழுவியிருக்க மாட்டே" என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை.

கொதியிலும் சாகாத சில கிருமிவித்துகள் பாலில் உண்டு என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். மூடிய அண்டாவில் இரவு முழுக்க வெதுவெதுப்பாக இருந்ததில் அவை முளைத்திருக்கும். அம்மாவின் கை சுத்தமாகத்தான் இருந்தது. அண்டாவைக் கிணற்றடித் தொட்டித் தண்ணீரில் இறக்கி, கரண்டியால் கலக்கி, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்திருந்தால் பால் பிழைத்திருக்கலாம். இதைச் சொல்ல இப்போது அம்மா இல்லை.

மாணவனுக்கும் அதே பதில்தான்: தண்ணீரில் இறக்கு, கலக்கு, தண்ணீரை மாற்று. உங்கள் வீட்டுப் பாலுக்கும் சாம்பாருக்கும் இதுவே போதும். ஏதாவது கெட்டுப்போனால், காரணம் தெரியும் முன்னே காய்ச்சியவரைக் குறை சொல்லாதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர், ஆலங்குளம்