வாத்து வராத வருஷங்கள்

கோவில்பதாகை ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்களில் நானும் ஒருவன். போன வாரம் கூடவே நடந்து வந்த இளைஞர் ஒருவர், கழுத்தில் பெரிய கேமராவோடு வருபவர், அலுத்துக்கொண்டார். "ஏரி தளும்புது சார். ஆனா ஒரு வாத்தைக் காணோமே, ஏன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை 1966-ஆம் வருஷம் என் பெரியப்பா கேட்டார். அவர் கழுத்தில் கேமரா இல்லை, தோளில் பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது.

இதைப் படிக்கும் பேரன் பேத்திகள் பதற வேண்டாம். அன்றைக்கு அது குற்றமில்லை. வெள்ளைக்காரன் 1912-இல் போட்ட காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் வாத்தும் இருந்தது உண்மைதான். ஆனால் அது சொன்னதெல்லாம், அரசு அறிவிக்கும் தடைக்காலத்தில் சுடாதே என்பதுதான். மற்ற மாதங்களில் லைசென்ஸ் வைத்திருப்பவர் சுடலாம். பெரியப்பா பக்கத்துக் கிராமத்துக் கர்ணம். ஏரிக் கணக்கும் அடங்கலும் எழுதிய கையால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி பிடித்தார். தேர்தல் வந்தால் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். அந்த நாட்களில் மனுஷர் முகத்தைப் பார்க்க முடியாது.

நான் பிறந்தது 1955, ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்த வருஷம். 1966-இல் எனக்குப் பதினொரு வயது. விழுந்த பறவையை நீரில் இறங்கி எடுத்து வருவது என் வேலை. அதாவது நாய் செய்கிற வேலை. அதில் எனக்குப் பெருமைதான்.

அந்த வருஷம் நவம்பர் தொடக்கத்தில் பெரிய புயல். ஸ்டமாட்டிஸ் என்ற கப்பல் மெரினாவில் தரைதட்டி நின்றதே, என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கம் எல்லா ஏரியும் நிரம்பிக் கலங்கல் வழிந்தது. பெரியப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு வாத்து வரும் என்று கணக்குப் போட்டார். கர்ணம் கணக்கு! நவம்பர் போனது, டிசம்பர் போனது, பொங்கலும் வந்துவிட்டது. விடியுமுன் எழுந்து கரைச் சரிவில் கருவேல மறைவில் குந்தியிருப்போம். பனி காதைக் கடிக்கும். ஏரி நடுவில் நாமக்கோழி நாலு மிதக்கும். அவ்வளவுதான். தோட்டாவைப் பத்திரமாகத் துடைத்துத் திரும்பவும் டப்பாவில் வைத்துக்கொண்டு வீடு திரும்புவோம்.

ஒரு நாள் வெறுங்கையோடு வரும்போது வழியில் நரிக்குறவர் பெரியவர் ஒருவர் எதிர்ப்பட்டார். அவர் தோள் பையிலிருந்து ஆறேழு கிளுவையின் தலைகள் தொங்கின. பெரியப்பா நின்றுவிட்டார். "எங்கேப்பா பிடிச்சே?"

"வயக்காட்டுப் பக்கம் சாமி. தேங்கின தண்ணியில."

"ஏரியில ஏன் இல்லை?"

"ஏரியில இடுப்புக்கு மேல நிக்குதே சாமி. தலையைக் கவுத்தா தரை எட்டணும் அதுக்கு. எட்டலேன்னா என்னாத்தத் தின்னும்?"

பெரியப்பா பதில் பேசவில்லை. காசு கொடுத்து நாலு கிளுவை வாங்கினார். என்னைப் பார்த்து ஒரு பார்வை. புரிந்துகொண்டேன். வீட்டில் பெரியம்மா இறகு பிடுங்கி, தோலைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஒரு ரவைகூட இல்லையே. இதுங்க என்ன, உங்க துப்பாக்கி சத்தம் கேட்டே செத்துதா?" என்றார். கண்ணியில் பிடித்த பறவையில் ஈயம் ஏது? எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாராவது பெருமையடித்தால் "ரவை இருக்கா பாரு" என்பார்கள்.

அந்தப் பெரியவர் சொன்ன பதிலைத்தான் பிற்பாடு நான் புத்தகங்களில் படித்தேன். குளிருக்கு நம்மிடம் வரும் வாத்துகளில் கிளுவை, நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து எல்லாம் முக்குளிக்காத சாதி. தலையை நீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, எட்டும் ஆழத்தில் உள்ள விதை, வேர், புழுக்களைத் தின்பவை. முழங்கால் ஆழம் வரைதான் அவற்றுக்குச் சாப்பாட்டு மேசை. அதற்கு மேல் ஆழமானால் பகலில் படுத்துக்கொள்ள மட்டுமே உதவும். மழை அதிகமான வருஷத்தில் ஊரிலுள்ள ஒவ்வொரு குட்டையிலும் பள்ளத்திலும் நீர் நிற்கும். சைபீரியாவிலிருந்து வருகிற பறவைக்கு நம் ஏரிதான் வேண்டும் என்று கட்டாயமா? சிதறிப் போய்விடும். மழை பொய்த்தாலோ வருவதற்கே இடமில்லை. ஆக இரண்டு விதமாகவும் வேட்டைக்காரனுக்கு மந்தம்தான். நடுத்தரமான மழை பெய்து, தை மாதத்தில் குட்டைகள் வற்றி, பெரிய ஏரியில் நீர் மெல்ல இறங்கும்போதுதான் வாத்துகள் கூட்டமாகச் சேரும்.

அந்த நீர் எப்படி இறங்கியது? இதைத்தான் கர்ணம் பெரியப்பாகூட யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். சம்பா பயிருக்கு மதகு திறந்து விட்டதால் இறங்கியது. விவசாயி வாரா வாரம் நீர் எடுக்க எடுக்க, ஏரி ஓரத்தில் புதுப்புதுச் சேறு வெளிப்படும், அதன்மேல் சாண் அளவு தண்ணீர் நிற்கும். வாத்துக்கு இலை போட்டவன் நெல் விளைவித்தவன்தான். அந்த இலையில் உட்கார்ந்ததைச் சுட்டவர்கள் நாங்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் உண்டு. நாங்கள் திருவள்ளூர் மாவட்டமானது 1997-இல்தான், அதுவரை தெற்கே வேடந்தாங்கல் வரை எல்லாம் ஒரே மாவட்டம். அந்த ஊர்க்காரர்கள் ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளைக் காத்து வந்தார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கண்ட அனுபவம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டபோது சும்மா இருக்கவில்லை. கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பறவைகளைத் தொடக்கூடாது என்று கவுல் வாங்கிவிட்டார்கள். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான். 1858-இல் இன்னொரு கலெக்டரிடம் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். எங்கள் பக்கத்து ஏரிகளுக்கு அப்படி யாரும் கவுல் வாங்கவில்லை. கூடு கட்டும் நாரை, கொக்கு போல வாத்து மரத்தில் தங்கி எரு போடுவதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். உபகாரம் கண்ணுக்குத் தெரிந்தால்தானே காப்பார்கள்?

வடக்கே பரத்பூரில் வேட்டைக்காகவே சதுப்பை உண்டாக்கினார்கள். அஜான் அணையிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பள்ளமான நிலத்தில் நீரைத் தேக்கினார் மகாராஜா. 1902-இல் கர்சன் பிரபுவுக்காக அங்கே பெரிய வேட்டை நடந்தது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் விழுந்தவை 4,273 பறவைகள். எத்தனை பேர் பதினொரு வயதில் நீரில் இறங்கியிருப்பார்களோ! பரத்பூர் 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. துப்பாக்கி போன பிறகும் அந்த இடம் வாய்க்கால் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. 2000-க்குப் பிறகு பாஞ்சனா அணையிலிருந்து நீர் வருவதில் தகராறு ஏற்பட்டபோது, சுடுவார் யாருமில்லாமலே பறவைகள் வராமல் போயின.

அமெரிக்காக்காரன் இதை வேறு விதமாகச் சமாளித்தான். 1930-களில் அங்கே பெரும் வறட்சி, வாத்து குறைந்துபோனது. 1934-இல் சட்டம் போட்டு, வாத்து சுடுகிறவன் ஒவ்வொருவனும் ஒரு டாலர் வில்லை வாங்க வேண்டும் என்றார்கள். அந்தப் பணத்தில் சதுப்பு நிலங்களை வாங்கிக் காத்தார்கள். சுடுகிறவன் காசிலேயே ஏரி! வியாபார புத்தி என்று தோன்றினாலும் எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு.

நம் ஊரில் துப்பாக்கியைத்தான் பிடித்தோம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் அதிலும் சிறு வேட்டைக்கு லைசென்ஸ் உண்டு, 1991 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். பெரியப்பா சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. 1974-இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. மதகு வாயில் நின்று வெடித்த தரையைப் பார்த்துவிட்டு வந்தவர், துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுப் பரணில் வைத்தார். பிறகு எடுக்கவேயில்லை. 1980-இல் கர்ணம் பதவியையே அரசு ஒழித்தது. ஏரிக் கணக்கு நோட்டுகளும் போயின. இரண்டில் எது அவரை அதிகம் பாதித்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சட்டத்தின் அடி விழுந்தது அவரைப் போன்றவர்கள்மேல் இல்லை. பெரியப்பாவுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கண்ணி வைத்த அந்தப் பெரியவருக்கு அன்றாடச் சோறு. பாசிமணி, ஊசி விற்பதுதான் பிறகு அவர்களுக்கு மிச்சமானது. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். ஏரியை எங்களைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஐம்பது வருஷம் கழித்து!

இடையில் ஊர் மாறியது. ஏரியை ஆங்கிலத்தில் டேங்க் என்பார்கள். ஆவடியில் 1960-களில் வேறொரு டேங்க் செய்ய ஆரம்பித்தார்கள், விஜயந்தா. அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டாமா? நானும் அப்படித்தான் வேலை கிடைத்து, வயல் இருந்த இடத்தில் மனை வாங்கி வீடு கட்டினேன். யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வயல் மனையானதும் மதகைத் திறக்கச் சொல்ல ஆளில்லை. நீர் சம்பாவுக்காக வாரா வாரம் இறங்குவது நின்றது. தூர்வாருகிறோம் என்று ஓரத்தையும் செங்குத்தாக வெட்டி, கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போடுவதுதான் இப்போது எங்கும் வழக்கம். நடக்க வசதிதான், நானும் தினம் நடக்கிறேன். ஆனால் கரையிலிருந்து ஓரடி இறங்கினால் ஆள் மூழ்கும் ஆழம். சேற்று ஓரம் இல்லை, கோரை இல்லை. வானிலையும் முன்போல் இல்லை. 2015 டிசம்பரில் வெள்ளம், 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல் எல்லாம் காய்ந்து லாரித் தண்ணீர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். நடுத்தர மழை வருஷம் என்ற ஒன்று எப்போது வந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தனையையும் அந்த இளைஞரிடம் நடந்துகொண்டே சொல்லி முடித்தேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். "அப்ப வாத்தைப் படமெடுக்க எங்கதான் சார் போறது?" என்றார்.

வீட்டுக் கழிவுநீர் வந்து விழுகிற மூலைக்கு அழைத்துப் போனேன். அங்கே மட்டும் மண் சேர்ந்து மேடிட்டு, தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தோம். நெடுங்கால் உள்ளான்கள் சில நின்றன. அவற்றுக்கு நடுவே, அகப்பை போன்ற அலகால் தண்ணீரைச் சலித்துக்கொண்டு மூன்று ஆண்டி வாத்துகள். சாக்கடைப் பக்கம் மேயும், கறி கவிச்சியடிக்கும் என்று பெரியப்பா தோட்டாவை வீணாக்காத சாதி. தவறிச் சுட்டுக் கொண்டுவந்தாலும் பெரியம்மா அடுப்பில் ஏற்றமாட்டார்.

இளைஞருக்குக் கொண்டாட்டம். சேற்றில் முழங்காலிட்டுப் படமெடுத்தார். கொஞ்சம் கிட்டே போகலாமா என்று சைகையில் கேட்டார். தலையாட்டினேன். கை தன்னையறியாமல் செருப்பைக் கழற்றப் போனது. வாத்து விழுந்தால் எடுத்து வருகிறவன் நான்தானே.