‘கலா’: விசா மறுப்பும் உருமி மேளமும்

பாடகி மாதங்கி அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ. 2007 ஆகஸ்டில் வெளியிட்ட ‘கலா’ இசைத்தொகுப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். 2006இல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. இசைத் தயாரிப்பாளர் டிம்பலாண்டுடன் அங்கே செய்யவிருந்த வேலை நின்றது. இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா எனச் சுற்றிப் பதிவு செய்தார். கதை பொய்யில்லை. ஆனால் அமெரிக்கா போகாததற்குத்தான் அது காரணம் சொல்கிறது. பதிவுக்குச் சென்னைக்கு வந்ததற்குச் சொல்லவில்லை.

பாடல் வரிசையைப் பார்ப்போம். முதலில் ‘பேம்பூ பாங்கா’. அதன் தொடக்கம் மாடர்ன் லவர்ஸ் என்ற ராக் குழுவின் ‘ரோட்ரன்னர்’ பாடலிலிருந்து எடுத்தது. மாசசூசெட்ஸ் நெடுஞ்சாலையில் இரவில் காரோட்டிப் போகிறவனின் பாட்டு அது. கூடவே ஒலிப்பதோ ‘தளபதி’ (1991) படத்துக்கு இளையராஜா அமைத்த ‘காட்டுக்குயிலு’. அமெரிக்க நெடுஞ்சாலையைச் சென்னையின் ஜி.எஸ்.டி. சாலையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார் என்று தாம்பரத்துக்காரர் சொன்னால் மறுக்க மாட்டேன். அடுத்து வரும் ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டிலும் உருமிதான் ஆட்சி. டிம்பலாண்ட் வருவது கடைசியான 12ஆவது பாடலில். முதலில் போட்ட திட்டம் வாலாகிவிட்டது.

உருமியின் இடப்பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்தால் உறுமல் எழும். வலப்பக்கத்தில் நேர்க்குச்சியின் அடி விழும். சாமியாட்டத்துக்கும் சாவுக்கும் பொதுவான ஒலி. ராக் இசையில் பேஸ் கிதார் செய்கிற வேலையை ‘பேர்ட் ஃப்ளூ’வில் இந்த உறுமல் செய்கிறது. ஆகவே அதை மேலே தூவிய நாட்டுப்புற வாசனை என்று ஒதுக்க முடியாது. எடுத்துவிட்டால் பாட்டே நிற்காது.

சென்னை ஏன் என்பதற்கு இரண்டு காரணங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறிய எம்.ஐ.ஏ.வின் குடும்பம் 1986இல் லண்டன் சேருமுன் சில காலம் சென்னையில் வறுமையில் வாழ்ந்தது. தொகுப்புக்குத் தாயின் பெயரை வைத்தவருக்கு இந்த ஊர் சுற்றுலாத் தலம் அல்ல. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது: கோடம்பாக்கம். ஏ.ஆர். ரகுமானின் பஞ்சதன் போன்ற ஒலிப்பதிவுக் கூடமும், தெருவில் அடிக்கும் மேளத்தை மைக்குக்கு முன் பழக்கிய திரையிசைத் தொழிலும் அருகருகே இருந்த ஊர் இது. அந்த ஏற்பாடு இல்லையென்றால், எவ்வளவு ஊர்ப்பாசம் இருந்தும் இந்த ஒலி கிடைத்திராது.

எம்.ஐ.ஏ. செய்தது வெறும் ஒட்டுவேலை என்பாரும் உண்டு. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலில் தி கிளாஷ் என்ற ராக் குழுவின் 1982ஆம் ஆண்டு இசையைக் கையாண்டதையும் அவர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும். எடுத்ததில் குற்றமில்லை; எடுத்ததற்குக் கணக்கு எப்படி வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. இளையராஜா பெயரும் கிளாஷ் பெயரும் பேச்சில் வருகின்றன. உருமி அடித்தவர்களைப் பெயர் சொல்லி எவரும் பேசி நான் கேட்டதில்லை.

ராக் தொகுப்புகளின் வரலாறு பாடகரையும் தயாரிப்பாளரையும் விசாரித்ததோடு நின்றுவிடுகிறது. நம் இசைத்துறை ஆய்வாளர்கள் மேளக்காரர்களின் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்ட வேண்டும். பல்லாவரம், தாம்பரம், வண்டலூர்ப் பக்கத்து மேளக் குழுக்களிடமிருந்தே தொடங்கலாம். அடித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே.