பகோடாத் திருவிழாவும் லெத்வே குத்துச்சண்டையும்

தாய்லாந்து நாட்டார் ஆண்டுதோறும் மார்ச் 17-ஆம் தேதி நாய் கனொம் தோம் என்ற வீரனைக் கொண்டாடுகிறார்கள். 1767-இல் பர்மியப் படை அயுத்யா நகரை அழித்துக் கொண்டுபோன கைதிகளில் இவனும் ஒருவன். 1774-இல் பர்மிய மன்னர் சின்பியூஷின் ரங்கூனுக்கு வந்து, நிலநடுக்கத்தில் சேதமுற்ற ஷ்வேடகோன் பகோடாவுக்குப் புதிய பொற்குடை ஏற்றினார். அந்த விழாவில் மன்னர் முன்னிலையில் பத்துப் பர்மிய வீரர்களை வரிசையாக வீழ்த்தி இவன் விடுதலை பெற்றான் என்பது தாய்லாந்துக் கதை. பத்து என்பதைக் கதைக்கணக்காகவே நான் எடுத்துக்கொள்கிறேன். நமக்கு வேண்டிய செய்தி வேறு. புத்தரின் கேசம் வைத்த கோயிலில் குடமுழுக்குப் போன்றதொரு விழா, அதில் குத்துச்சண்டை. கதை சொன்னவர்களுக்கு இது விநோதமாகவே படவில்லை.

அந்தச் சண்டைக்குப் பர்மிய மொழியில் லெத்வே என்று பெயர். கையுறை கிடையாது, துணிப்பட்டை மட்டும் சுற்றிக்கொள்வார்கள். கை, கால், முழங்கை, முழங்கால் என்று எட்டும் போதாமல் தலையாலும் முட்டலாம். பகான் கோயில் சிற்பங்களிலேயே இது இருக்கிறது, ஆயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்வோர் உண்டு. கல்லில் இருவர் மோதுவதைப் பார்த்து அது மல்லா, குத்தா என்று எப்படித் தீர்மானிப்பது? மாமல்லன் என்ற பட்டப்பெயரை வைத்துக்கொண்டு பல்லவர் காலத்து மற்பிடிகளை எழுதிவிட முடியுமா? இன்று மேடையில் காணும் ஒழுங்கில் பெரும்பகுதி 1950-களில் வந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் இறங்கிய சா பா ஞெய்ன் என்பவர்தான் மணல்தரைச் சண்டைக்கு விதிகள் வகுத்துக் கயிறு கட்டிய மேடைக்குக் கொண்டுவந்தார்.

பழைய முறையில் புள்ளிக்கணக்கே இல்லை. மூன்று நிமிடச் சுற்று ஐந்து. ஒருவன் விழுந்து எழாவிட்டால் மற்றவனுக்கு வெற்றி. ஐந்தாம் சுற்று முடிந்தும் இருவரும் நின்றால் சமன், தோற்றவர் யாருமில்லை. வாழ்நாளெல்லாம் பேரேடு எழுதியவனுக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் உள்ளே இன்னொரு விதி இருக்கிறது. அடிபட்டு நினைவிழந்தவனுக்கு, கடைசிச் சுற்று தவிர, ஒரே ஒரு முறை இரண்டு நிமிட அவகாசம் உண்டு. உடன் இருப்பவர்கள் தண்ணீர் தெளித்து, தேய்த்து எழுப்பி மறுபடி அனுப்பலாம். இது கருணையா, கொடுமையா?

2005 மார்ச்சில், தபாவுங் மாதப் பௌர்ணமியை ஒட்டி, இதை நேரில் பார்த்தேன். உளுந்து கொள்முதலுக்காக யாங்கோன் போயிருந்தேன். மௌல்மீன் தமிழரான தரகர் என்னைக் கரேன் மாநிலத்தில் பா-ஆன் பக்கம் ஒரு கிராமத்துப் பகோடா விழாவுக்கு அழைத்துப் போனார். அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் காலம். சும்மா சொல்லக்கூடாது, நம்ம ஊர்த் தேர்த் திருவிழாக் கூட்டம்தான். சைங் என்னும் மேளக்கட்டு, அதில் நாகசுரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஹ்னே என்ற குழல். சண்டை சூடாக ஆக வாத்தியமும் வேகம் பிடிக்கிறது.

முதலில் பொடியன்களை விட்டார்கள். பெரியவர்கள் கடைசியில்தான். பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையன் மடித்த இடக்கை மீது வலக்கையால் தட்டி அறைகூவினான், லெக்காமௌன் என்கிறார்கள். மூன்றாம் சுற்றில் விழுந்தான். மாமன்காரன் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கினான். பையன் எழுந்தான், ஐந்து சுற்றும் நின்றான். சமன். புருவம் பிளந்து ரத்தம். அழவில்லை.

"அழமாட்டான் நயினாரே. அழுதா அடுத்த திருவிழாவுக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றார் தரகர்.

பார்த்தவர்கள் கயிற்றோரம் போய் இரு பையன்களுக்கும் நோட்டு நீட்டினார்கள். தரகர் என்னையும் பார்த்தார். எங்கள் சமயத்தில் ஹிம்சையைச் செய்வது, செய்விப்பது, பிறர் செய்ததற்கு உடன்படுவது மூன்றும் வினைக்கட்டே. ஆதிபுராணத்தில் பரதனும் பாகுபலியும் படைகள் மடியாதிருக்கத் தாங்கள் இருவர் மட்டும் மோதினார்கள்; அண்ணனைத் தூக்கிய பாகுபலி தரையில் அறையவில்லை. அந்த நியாயம் இங்கே செல்லாது. இவன் யார் உயிரைக் காக்க மோதினான்? அந்த வாரத்து அரிசிக்காக. நோட்டைக் கொடுத்தால் உடன்பாடு. கொடுக்காவிட்டால் வாங்கின அடிக்குக் கூலி இல்லை. கொடுத்துவிட்டேன். பையன் இரு கையாலும் வாங்கிக் கும்பிட்டான். அன்று பொழுது சாயுமுன் சாப்பிட நேரமிருந்தும் சாப்பாடு இறங்கவில்லை.

2017-இல் யாங்கோனில் தொடங்கிய உலக லெத்வே போட்டிகளில் நடுவர் புள்ளி வைத்தார்கள், இரண்டு நிமிட விதியை எடுத்தார்கள். கிராமத்து மேடை அந்த மாற்றத்துக்குக் காத்திருக்கவில்லை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் கரேன் பகுதியில் நிஜச் சண்டை மறுபடி பெருகியது. 2024 பிப்ரவரியில் 18 முதல் 35 வயது வரையான ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை என்று அறிவித்தார்கள். அந்தப் பையனுக்கு அப்போது முப்பத்தொன்று ஆகியிருக்கும்.