அந்தச் சில விநாடிகள்

ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தபோது என் நெஞ்சு திடீரெனப் படபடத்தது. அருகிலிருந்த மருத்துவமனையை அடைந்தபோது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 190. இசிஜி பார்த்துவிட்டுக் கையில் 'அடினோசின்' ஊசியைச் செலுத்தினர். மறுகணம் முகம் கொதித்தது, நெஞ்சு இறுகியது, மூச்சு முட்டியது. உயிர் பிரிகிறது என்றே எண்ணினேன். சில விநாடிகளில் யாவும் அடங்கி, துடிப்பும் சீரானது.

எனக்கு நேர்ந்தது தவறான சிகிச்சையன்று. அம்மருந்தின் இயல்பே அது. நம் உடலிலேயே சுரக்கும் பொருளான அடினோசின் இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் என்பதை ட்ரூரியும் சென்ட்-ஜார்ஜியும் 1929-இல் வெளியிட்டனர். இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்குச் செல்லும் மின்தூண்டலை அது கணநேரம் தடுக்கிறது. அப்போது இதயம் சில விநாடிகள் நின்று தொடங்குவதும் உண்டு. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 10 விநாடிக்கும் குறைவு. ஆகவேதான் முதலில் 6 மில்லிகிராம், பலனில்லையேல் 12 மில்லிகிராம் என வேகமாகச் செலுத்துகின்றனர். ஆனால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மூச்சுக்குழலைச் சுருக்கிவிடக்கூடும். தியோஃபிலின் மாத்திரை உட்கொள்வோரிடம் இதன் பலன் குறையும்.

'அமியோடரோன்' வேறு வகை. நரம்பு வழியே செலுத்தும்போது ரத்த அழுத்தம் சரியலாம். துடிப்பு மிகவும் குறையலாம். ஊசி ஏற்றிய நரம்பு வீங்கிச் சிவக்கலாம். மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் பாலிசார்பேட் 80-க்கும் அழுத்தச் சரிவில் பங்குண்டு. அதனால்தான் முதல் 150 மில்லிகிராமை 10 நிமிடங்களில் நிதானமாக ஏற்றுகின்றனர். லிக்னோகைன் அளவு மிகுந்தால் உதடு மரத்து, குழப்பமும் வலிப்பும் வரலாம். பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்பவருக்கு வெராபமில் ஊசி செலுத்தினால் துடிப்பும் ரத்த அழுத்தமும் அபாயகரமாகத் தாழக்கூடும்.

துடிப்பைச் சீராக்கும் மருந்தே சில வேளைகளில் துடிப்பைக் குலைக்கவும் செய்யும். எனவே, கண்காணிப்புத் திரையும் மின்னதிர்ச்சிக் கருவியும் அருகிலிருக்க வேண்டியது கட்டாயம். இதற்கு அஞ்சி ஊசியை மறுப்பது பேதைமை; கட்டுக்கடங்காத துடிப்பு அதனினும் கொடிது.

நோயாளியின் கடமை, தனக்குள்ள ஆஸ்துமாவையும் அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகளையும் முதலிலேயே சொல்வது. மாத்திரைச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருப்பது. மருத்துவரிடம் நான் வேண்டுவதோ ஒரே வாக்கியம்: "சில விநாடிகள் நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கும், அஞ்சாதீர்கள்." அன்று அதை எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அந்தச் சில விநாடிகளில் என் மனைவி மக்களிடம் மனத்துக்குள் விடைபெற்றிருக்க மாட்டேன்.