முருங்கை மரத்து வாத்தியார்

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் கோதண்டத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையன் தொங்க வேண்டும். கீழே பிரம்போடு வாத்தியார். மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணி பிடித்து, ஆத்திசூடியை உரக்கச் சொல்லி நெட்டுருப் போட்ட அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் வந்தது உண்மைதான். ஆனால் சொன்னதைத் திருப்பிச் சொல்லத்தான் அங்கே வாய் திறந்தது. உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதும் ஒரு பழக்கம் மட்டும்தான் எனக்குப் பிடித்தது. மாலையில் வீட்டுக்குப் போகுமுன் ஆளுக்கு ஒரு பூவின் பெயர், பறவையின் பெயர் என்று சொல்லி அனுப்புவார்கள். காலையில் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். அதில் கொஞ்சம் விளையாட்டு இருந்தது.

பிள்ளையைச் சொந்தமாகப் பேசவைத்த வாத்தியார் வேறொருவர். அவரே முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கினார்.

காஷ்மீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் தொகுத்த கதாசரித்சாகரத்தில் வேதாளத்தின் 25 கதைகளும் இருக்கின்றன. வடமொழியில் அது தங்கும் மரம் சிம்சபா. தமிழுக்கு வந்ததும் நம் கொல்லைப்புறத்து முருங்கையில் ஏறிக்கொண்டது. கதையின் விதியைப் பாருங்கள். சுடுகாட்டு இருட்டில் பிணத்தைத் தோளில் போட்டு நடக்கும் அரசன் விக்கிரமனிடம் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். அவன் வாய் திறந்தால் அது மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் அவன் தலை சுக்குநூறாக வெடிக்கும். நட்டம் என்று தெரிந்தும் அவன் பேசுகிறான், காரணத்தோடு பேசுகிறான். மொழி வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான விதியை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

கதையால் மொழி கற்பிக்கலாம் என்பதை வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டிலேயே செய்து காட்டினார். பரமார்த்த குரு கதையை அவர் எழுதியது தமிழ் கற்க வந்தவர்களுக்காக. அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1822-இல் லண்டனில் அச்சிட்டவர், சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்துத் திரும்பிய பெஞ்சமின் கை பாபிங்டன். தமிழ் வேதாளக் கதையையும் அவரே மொழிபெயர்த்தார்; அது 1831-இல் வெளிவந்தது. பின்னாளில் மருத்துவரான அவர், தொண்டைக்குள் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடிக் கருவியையும் செய்தவர். பேச்சு பிறக்கும் இடத்தைத் தேடிய மனிதர் என்று அவரை நினைத்துக்கொள்வேன்.

எங்கள் தலைமுறைக்கு வேதாளம் அம்புலிமாமா வழியாக வந்தது. 1947-இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய பத்திரிகை அது. உருவிய வாளோடும் தோளில் பிணத்தோடும் நடக்கும் விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்திருப்பார். அந்தப் படத்துக்குப் பயந்துகொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் எங்கள் மரக்காணம் பக்கத்தில் நிறையப் பேர்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று, இதே மரக்காணம் பகுதி முதலியார்குப்பத்தில்தான் அன்றைய முதலமைச்சர் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அப்போது மாலையில் வகுப்பு நடந்தது. பிரம்மதேசத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த என்னிடம் வந்த பிள்ளைகளில் சிலருக்கு எழுத்தே மறந்திருந்தது. பலருக்குப் பேச்சு ஒற்றைச் சொல்லோடு நின்றது. அப்பா அம்மா விடியுமுன் உப்பளத்துக்குப் போய்விடுகிற வீடுகள் அவை. பேச்சுக் கொடுக்க யார் இருந்தார்கள்?

வேதாளத்தை விளையாட்டாக்கினேன். ஒரு பிள்ளை வேதாளம், ஒரு பிள்ளை விக்கிரமன், மற்றவர்கள் சுடுகாட்டு நரியும் ஆந்தையும். விளக்கைத் தணித்துவிடுவோம். வேதாளம் கதையைத் தாளில் பார்த்து வாசிக்க வேண்டும். விக்கிரமன் முழு வாக்கியத்தில், ‘ஏனென்றால்’ சேர்த்து விடை சொல்ல வேண்டும். ஒற்றைச் சொல்லில் சொன்னால் தலை வெடித்த கணக்கு. எல்லாருக்கும் வேதாளமாக ஆசை, அதற்கு வாசிக்கத் தெரிய வேண்டும். எழுத்து மறந்தவர்களே முதலில் தாளைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

கொஞ்ச நாளில் அவர்கள் சொந்தப் பேய்களைக் கொண்டுவந்தார்கள். கழுவேலிச் சதுப்பில் இரவில் நெருப்பாகத் தோன்றும் என்று என் ஆயா சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசு அவர்களுக்கும் தெரிந்திருந்தது. வேதாளத்தின் இடத்தில் அதை உட்காரவைத்தார்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒரு கதை எழுதி வந்தாள்: வியாபாரி உப்பு வாங்குகிறான், வண்டிக்காரன் வழியில் தூங்கிவிடுகிறான், மழையில் உப்பு கரைந்துபோகிறது. நட்டம் யாருக்கு?

விக்கிரமனாக நின்ற பையன் யோசித்துவிட்டுச் சொன்னான்: “உப்பு வாரினவங்களுக்குக் கூலி குடுத்தாச்சா, இல்லையா? அதைச் சொல்லு மொதல்ல. ஏனென்றால் அது தெரியாம நட்டத்தைச் சொல்ல முடியாது.”

கொள்ளிவாய்ப் பிசாசு திணறிப்போய், “அக்கா, இவன் கேள்வி கேக்கலாமா?” என்றது. கேட்கலாம் என்றேன். அன்றிலிருந்து விக்கிரமனுக்கும் ஒரு கேள்வி உண்டு என்று விதியில் சேர்த்துக்கொண்டோம்.