பந்தயத் திடலில் எழும் கூடார ஊர்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் டார்லிங்டன் என்ற சிற்றூர் உள்ளது. 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி, தொழிலாளர் தின விடுமுறையன்று, அங்கே சுமார் 25,000 பேர் திரண்டனர். நிலக்கடலையும் பருத்தியும் விளைந்த நிலத்தில் ஹெரால்ட் பிராசிங்டன் அமைத்த புதிய தடத்தில் 500 மைல் பந்தயம். 75 கார்கள் ஓடின. ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்த போட்டியில் ஜானி மான்ட்ஸ் வாகை சூடினார்.

கடையில் விற்கும் சாதாரணக் காரின் தோற்றத்தில் இருப்பதே ஸ்டாக் கார். அதனால் உழைக்கும் மக்கள் இந்தப் பந்தயத்தைத் தங்களுடையதாகக் கருதினர். ஆனால், வந்தவர்கள் இரவில் எங்கே தங்குவது? சிற்றூரில் அத்தனை பேருக்கு விடுதி ஏது? பலர் காருக்குள்ளேயே படுத்தனர். தடத்தின் நடுவே கிடந்த வெற்றுத் திடலும் தங்குமிடமானது. தேவைக்காகத் தொடங்கியது பின்னர் மரபாக வேரூன்றியது.

1959இல் ஃபுளோரிடாவில் டேட்டோனா தடமும், 1969இல் அலபாமாவில் டாலடேகா தடமும் திறக்கப்பட்டன. இரண்டுமே ஒரு சுற்றுக்கு நான்கு கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் நீளம் கொண்டவை. நடுவில் ஓர் ஊரே குடியேறலாம். தடத்துக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதை வழியாக வண்டிகள் உள்ளே நுழையும்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சில நாள்களுக்கு முன்பே குடும்பங்கள் வந்துவிடும். பழைய பள்ளிப் பேருந்துக்கு வண்ணம் பூசி, கூரைமேல் பலகை மேடை கட்டியிருப்பார்கள். தரையில் நின்றால் முன்னே நிற்கும் வண்டிகள் மறைக்கும்; மேடையில் ஏறினால் தடம் தெரியும். அடுப்பில் இறைச்சி வேகும். ஓட்டுநரும் அவரது குழுவினரும் வானொலியில் பேசிக்கொள்வதைக் காதுக்கருவியில் கேட்பார்கள். ஆண்டுதோறும் அதே இடம், அதே அண்டை வீட்டார். ஒவ்வொரு வண்டியிலும் விருப்பமான ஓட்டுநரின் எண் பொறித்த கொடி பறக்கும்.

அந்தக் கொடிகளுக்கு நடுவே இன்னொரு கொடியும் பறந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் போர்க்கொடி அது. பலர் அதைத் தெற்கின் அடையாளம் என்றனர். ஆனால் கூடாரம் அடிக்க வரும் கறுப்பினக் குடும்பத்துக்கு அது சொன்ன செய்தி என்ன? ‘இது உங்களுக்கான இடமல்ல’ என்பதுதானே!

இந்த விலக்கல் கூடாரங்களோடு நிற்கவில்லை. 1963 டிசம்பர் 1ஆம் தேதி ஜேக்சன்வில்லில் வெண்டல் ஸ்காட் முதலிடம் பெற்றார். நாஸ்கார் அமைப்பின் உயர்நிலைப் போட்டியில் வென்ற முதல் கறுப்பின ஓட்டுநர் அவரே. ஆனால் வெற்றியாளர் என்று முதலில் அறிவிக்கப்பட்டவர் வேறொருவர். கூட்டம் கலைந்த பிறகே கணக்குத் திருத்தப்பட்டது. உரிய கோப்பையைப் பெறாமலேயே 1990இல் ஸ்காட் மறைந்தார். 2021இல்தான் அது அவர் குடும்பத்தாரிடம் வழங்கப்பட்டது.

2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் அந்தக் கொடியைத் தவிர்க்கும்படி நாஸ்கார் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. டேட்டோனாவில் அதைக் கொடுத்துவிட்டு அமெரிக்கக் கொடியைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் அறிவித்தது. இருந்தும் கூடாரங்களின்மேல் அது தொடர்ந்து பறந்தது. வேண்டுகோள் பலிக்கவில்லை.

2020இல் மின்னியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் பிடியில் உயிரிழந்தார். நாடே கொந்தளித்தது. அந்தக் கொடியை அகற்ற வேண்டும் என்று, உயர்நிலைப் பிரிவில் முழுநேரமாகப் போட்டியிட்ட ஒரே கறுப்பின ஓட்டுநரான பப்பா வாலஸ் வெளிப்படையாகக் கோரினார். ஜூன் 10ஆம் தேதி தடை பிறந்தது. தடை திடலுக்குள் மட்டுமே செல்லும். அதே மாதம் டாலடேகாவின் வெளிச்சாலையில் சிலர் அக்கொடியுடன் வண்டிகளில் வலம் வந்தனர்; வானில் ஒரு விமானமும் அதை இழுத்துச் சென்றது.

2021 அக்டோபர் 4ஆம் தேதி, மழையால் சுருக்கப்பட்ட போட்டியில், அதே டாலடேகாவில் வாலஸ் வென்றார். ஸ்காட்டுக்குப் பின் 58 ஆண்டுகள் கழித்து உயர்நிலைப் போட்டியில் வென்ற கறுப்பின ஓட்டுநர் அவர்.

விடுதி கிடைக்காதவர்களுக்கு இடம் தந்து வளர்ந்தது அந்தக் கூடார ஊர். எல்லாருக்கும் அதே இடத்தைத் தர அது எழுபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. தடை கொடியை இறக்கிவிட்டது. பக்கத்துக் கூடாரத்துக்காரரை உணவுக்கு அழைக்க வேண்டியது மனிதர்கள்தான்.