கேமரா மேல போட்ட கேஸ்

ஏஐ-கிட்ட நாலு வரி சொல்லி ஒரு படம் வாங்குறோம். அந்தப் படம் யாருக்குச் சொந்தம்? புதுக் கேள்வி மாதிரி தெரியும். ஆனா இதோட அண்ணன் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1884-லயே பதில் சொல்லிடுச்சு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

1882 ஜனவரி, நியூயார்க். சொற்பொழிவுப் பயணம் வந்த எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டை, நெப்போலியன் சரோனிங்கிற பிரபல போட்டோகிராபர் தன் ஸ்டூடியோவில் படம் எடுத்தார். அதில் 18-ம் எண் படத்தை, பரோ-கைல்ஸ் என்ற அச்சு நிறுவனம் அனுமதி வாங்காமல் 85,000 பிரதி போட்டுவிட்டது. சரோனி கோர்ட்டுக்குப் போனார்.

நிறுவனத்தோட வாதம் என்ன தெரியுமா? "படத்தை உருவாக்கினது மெஷின். எதிரே இருந்ததை அது அப்படியே பதிவு பண்ணுச்சு. இதுல சரோனி படைச்சது என்ன?"

இதில் வேடிக்கை, சரோனி பெரும்பாலும் கேமராவைத் தொடவே மாட்டார். அது உதவியாளர் வேலை. (எக்ஸ்ரே ரூம்ல பட்டன் அமுக்குறது டெக்னீஷியன், எந்த வியூ வேணும்னு எழுதிக் கொடுக்கிறது நாங்க. கிட்டத்தட்ட அதேதான்.) ஆளை உட்கார வைக்கிறது, உடை, திரைச்சீலை, வெளிச்சம், நிழல், முகபாவம், இதெல்லாம் சரோனி முடிவு. அவர் மனசுல முதலில் உருவானதுதான் படமா வந்திருக்கு, அதனால் அவர்தான் ஆசிரியர் என்றது கோர்ட். அவருக்குக் கிடைச்சது 610 டாலர்.

தீர்ப்பு எழுதின நீதிபதி சாமுவேல் மில்லர் நம்ம ஆளுங்க! 1838-ல மருத்துவப் பட்டம் வாங்கி, கென்டக்கியில் சுமார் பத்து வருஷம் டாக்டரா இருந்துட்டு அப்புறம்தான் வக்கீல் ஆனார். அவர் ஒரு கதவைத் திறந்தே வச்சிட்டுப் போனார். கற்பனையே கலக்காத, வெறும் மெஷின் வேலையான சாதாரண போட்டோவுக்கு என்ன சட்டம்? அதை இங்கே முடிவு செய்யவில்லைன்னுட்டார்.

அந்தக் கதவு வழியாத்தான் 2022-ல ஜேசன் ஆலன் வந்தார். மிட்ஜர்னியில் உருவாக்கின படத்துக்குக் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினவர். குறைந்தது 624 தடவை கட்டளை மாத்தி மாத்திக் கொடுத்தேன், படம் என்னுதுன்னார். 2023 செப்டம்பரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் பதிவு செய்ய மறுத்தது. நீங்க சொன்னீங்க, ஆனா கோடு, நிறமெல்லாம் முடிவு பண்ணது மெஷின்னு அவங்க கணக்கு.

எனக்கு இது பாதிதான் ஒப்புது. ஷட்டர் திறக்கும் முன்னாடியே சரோனிக்கு என்ன விழும்னு தெரியும். ஆலனுக்குத் தெரியாது, சரி. ஆனா நூற்றுக்கணக்குல தள்ளிட்டு ஒண்ணைப் பொறுக்குறதும் மனுஷ முடிவுதானே? போட்டோகிராபர்களும் அதைத்தானே பண்றாங்க?

ஆலன் 2024-ல கொலராடோ ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டார். பதிவு மறுக்கப்பட்டாலும், அந்தப் படத்தை வேற யாராவது 85,000 பிரதி போட்டா அவரால காப்புரிமை வழக்குப் போட முடியும்; ஆனா படம் காப்புரிமைக்குத் தகுதியானதுன்னு கோர்ட் ஏத்துக்கிட்டாத்தான் சரோனி மாதிரி நஷ்டஈடு வாங்க முடியும்.